தண்டில்லாச் செடிகளின் ஸஜ்தா

திருக்குர்ஆனின் 55ஆம் அத்தியாயமான அர்ரஹ்மானில், சூரியனும் சந்திரனும் ஒரு கணக்கின்படி இயங்குவதைக் கூறும் ஐந்தாம் வசனத்தை அடுத்து, ‘அந்நஜ்மு’, ‘அஷ்ஷஜரு’ ஆகிய இரண்டும் இறைவனுக்கு ஸஜ்தாச் செய்கின்றன என்று ஆறாம் வசனம் அறிவிக்கின்றது. ‘ஷஜர்’ என்பது மரம். ‘நஜ்ம்’ என்பதற்கு விண்மீன் என்பதே பலரும் அறிந்த பொருள். முந்தைய வசனத்தில் சூரிய சந்திரர் வந்திருப்பதால், அடுத்து விண்மீன் வருவது இயல்பாகவும் தோன்றும். ஆனால், குர்ஆன் விரிவுரையாளர்களின் தலைவர் எனப் போற்றப்படும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் இச்சொல்லுக்கு வேறொரு பொருள் கூறியுள்ளார்கள். அடிமரம் இன்றித் தரையின்மீது பரந்து முளைக்கும் சிறு தாவரமே இங்கு ‘நஜ்ம்’ என்பது அவர்களுடைய விளக்கம்.

விண்மீன் என்று பொருள் கொண்டோரில் முஜாஹித் (ரஹ்) முதன்மையானவர். ஹிஜ்ரி 310இல் (கி.பி. 923) மறைந்த இமாம் தபரீ (ரஹ்) இரு கருத்துகளையும் எடுத்துரைத்து, சிறு தாவரம் என்னும் பொருளையே தேர்ந்தெடுத்தார். மரத்தோடு இணைத்துச் சொல்லப்பட்டிருப்பதால், தண்டுள்ளதும் தண்டில்லாததும் ஆகிய இருவகைத் தாவரங்களும் இறைவனுக்குப் பணிகின்றன என்பதே பொருத்தம் என்பது அவர் வாதம். பின்வந்த இப்னு கஸீர் (ரஹ்), ஹஜ் அத்தியாயத்தின் 18ஆம் வசனத்தைச் சான்றாக்கி விண்மீன் என்னும் கருத்தின் பக்கம் சாய்ந்தார். நூன், ஜீம், மீம் என்னும் வேர்ச்சொல்லுக்குத் தோன்றுதல், வெளிப்படுதல், முளைத்தல் என்பவை பொருள்களாக இருப்பதால், வானில் தோன்றும் மீனுக்கும் மண்ணில் முளைக்கும் செடிக்கும் அரபுமொழி ஒரே பெயரை வழங்கியது.

இவ்விரண்டில் எது வலுவானது எனத் தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. தலைசிறந்த ஸஹாபி ஒருவரும், விரிவுரைக் கலையின் பேரிமாம் ஒருவரும், நாம் நாள்தோறும் மிதித்து நடக்கும் சிறு செடியை இவ்வசனத்தில் கண்டார்கள் என்பது போதும். அந்தச் செடி நம் வீட்டுக் கொல்லையிலும், மதரஸா வளாகத்திலும், ஊர் மையவாடியிலும் முளைத்திருக்கிறது. மழைக்குப் பின் பூக்கவும் செய்கிறது. அதன் பெயர் நமக்குத் தெரியுமா என்பதே இங்கு எழும் வினா.

ஸஹாபாக்கள் அறிந்திருந்த செடிகள்

நபிமொழித் தொகுப்புகளைக் கவனத்துடன் ஓதுவோர், அவற்றில் சிறு தாவரங்கள் அடிக்கடி இடம்பெறுவதைக் காண்பர். மறுமையில் ‘ஸிராத்’ பாலத்தின்மீது அமைந்திருக்கும் கொக்கிகளை வருணித்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களிடம், ‘ஸஃதான்’ முள்ளை நீங்கள் பார்த்ததுண்டா என்று வினவினார்கள். தோழர்கள் ஆம் என்றனர். அக்கொக்கிகள் ஸஃதான் முள்ளைப் போன்றவை. ஆனால் அவற்றின் பருமனை அல்லாஹ் ஒருவனே அறிவான் என்று அண்ணலார் விளக்கினார்கள். புகாரீ உள்ளிட்ட தொகுப்புகளில் இடம்பெற்றுள்ள ஹதீஸ் இது.

ஸஃதான் என்பது நஜ்துப் பகுதியின் மணற்பாங்கான நிலத்தில் தரையோடு ஒட்டிப் படரும் சிறு செடி. அதன் காய் வட்டமாக, மேற்புறம் முழுதும் முள்ளாக இருக்கும். ஒட்டகங்களுக்கு மிகச் சிறந்த மேய்ச்சல் இதுவே என்பதால், ஒன்று நன்றாக இருப்பினும் மற்றொன்றுக்கு ஈடாகாது என உணர்த்த ஸஃதானைச் சுட்டும் அரபுப் பழமொழியும் உண்டு. கண்ணால் காணமுடியாத மறுமைக் காட்சியை விளங்கவைக்க, காலில் தைத்த ஒரு சிறு செடியின் காய் உவமையாகக் கைகொடுத்தது. தோழர்களுக்கு அச்செடி தெரிந்திருந்ததால் உவமை உடனே சென்று சேர்ந்தது. அரபுக் கல்லூரி வகுப்பில் இதே ஹதீஸை ஓதும் மாணவருக்கு ஸஃதான் என்பது ‘ஒருவகை முட்செடி’ என்னும் ஓரக்குறிப்பாக மட்டுமே எஞ்சுகிறது. நம் மண்ணின் நெருஞ்சியைக் காட்டி விளக்கலாம் என்றால், நெருஞ்சியைப் பார்த்தறியாத மாணவரும் இன்று நிரம்ப உள்ளனர்.

மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்த தொடக்க நாள்களில் பிலால் (ரலி) அவர்கள் கடுங்காய்ச்சலுக்கு ஆளானார்கள். காய்ச்சல் தணிந்த வேளைகளில் மக்காவை எண்ணி ஏங்கிக் கவி பாடினார்கள் என ஆயிஷா (ரலி) அறிவிக்கின்றார்கள். தம்மைச் சுற்றி ‘இத்கிர்’, ‘ஜலீல்’ ஆகிய இரண்டும் நிற்க, மக்காவின் ஒரு பள்ளத்தாக்கில் ஓரிரவேனும் தங்கமாட்டேனா என்பது அவ்வேக்கத்தின் உட்பொருள். இத்கிர் ஒரு நறுமணப் புல். ஜலீலும் எளிய புல்வகையே. பிறந்த மண் நினைவில் எழுந்தபோது, உழுது நடாமல் தாமே முளைக்கும் இரு புற்களே அவர்கள் உள்ளத்தில் முன்வந்து நின்றன. ஒரு நிலத்தின் முகம் அங்கே இயல்பாக முளைப்பவற்றில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று தேவையில்லை.

அபஸ அத்தியாயத்தின் 31ஆம் வசனத்தில் வரும் ‘அப்பு’ என்னும் சொல்லைப் பற்றிய செய்தியும் இங்கு நினைக்கத்தக்கது. உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் இவ்வசனத்தை ஓதி, கனியை நாம் அறிவோம், ‘அப்பு’ என்பது யாது என்று தமக்குள் வினவி, பின்னர் இதைத் துருவுவது வீண் சிரமம் என்று தம்மையே கட்டுப்படுத்திக்கொண்டார்கள் என அனஸ் (ரலி) அறிவிக்கின்றார்கள். செடிகொடிகளின் ஆராய்ச்சி வேண்டாத வேலை என்பதற்கு இதை ஆதாரமாக்குவோர் உண்டு. இப்னு கஸீர் (ரஹ்) இதற்குத் தெளிவான விளக்கம் அளிக்கிறார்: அது நிலத்தில் முளைக்கும் தாவரம் என்பதை வசனத்தை ஓதும் எவரும் அறிவர், உமர் (ரலி) அவர்கள் அறிய விரும்பியது அதன் வடிவம், இனம், அது இன்னதுதான் என்னும் அடையாளம் ஆகியவற்றையே. அவர்கள் விலகிநின்றது இறைவேதத்தின் சொல்லுக்கு ஊகத்தால் பொருளுரைப்பதிலிருந்து. கண்முன் நிற்கும் படைப்பை உற்றுப் பார்ப்பது ஊகமன்று. குர்ஆன் பல இடங்களில் வலியுறுத்தும் செயல் அது.

ஹதீஸும் தாவரமும் ஒருசேரக் கற்றவர்கள்

இந்த உற்றுநோக்கலை நம் முன்னோர் ஒரு கலையாகவே வளர்த்தனர். மொழியறிஞர் அஸ்மயீ தாவரங்களின் பெயர்களைத் தனி நூலாகத் தொகுத்தார். ஹிஜ்ரி 282இல் (கி.பி. 895) மறைந்தவராகக் கூறப்படும் அபூஹனீஃபா அத்தீனவரீ, ‘கிதாபுந் நபாத்’ என்னும் பெருநூலில், பாலைவன அரபியர் வழங்கிய பெயர்களையும் வருணனைகளையும் பதிவு செய்தார். நூலின் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. பிற்கால அகராதிகளில் சிதறிக்கிடந்த மேற்கோள்களைத் திரட்டி அதன் ஒரு பகுதியை மீட்டெடுத்து 1973இல் கெய்ரோவில் வெளியிட்டவர், நம் தக்காணத்து ஹைதராபாதில் பிறந்த அறிஞர் முஹம்மது ஹமீதுல்லாஹ் ஆவார்.

செவில் நகரத்து அபுல் அப்பாஸ் அந்நபாத்தீ (இறப்பு ஹி. 637 / கி.பி. 1239) ஹதீஸ் கலை வல்லுநர், அதே வேளையில் ஸ்பெயினிலிருந்து கிழக்கு நாடுகள்வரை பயணம் செய்து செடிகளை நேரில் ஆராய்ந்தவர். ‘நபாத்தீ’ என்னும் பட்டமே தாவரத்தால் வந்தது. அவருடைய மாணவர்தான் புகழ்பெற்ற இப்னுல் பைதார் (இறப்பு ஹி. 646 / கி.பி. 1248). எளிய மருந்துகளும் உணவுகளுமாக 1,400 பொருள்களுக்கு மேல் விவரிக்கும் ‘அல்ஜாமிஉ’ என்னும் தொகுப்பு இவர் இயற்றியது. டமாஸ்கஸ் நகரின் புறத்தே இவரோடு சென்று பல செடிகளை அவை முளைத்த இடத்திலேயே பார்த்ததாக மருத்துவ வரலாற்றாசிரியர் இப்னு அபீ உஸைபிஆ எழுதியிருக்கிறார். ஏட்டில் படித்த பெயரை மண்ணில் நிற்கும் செடியோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதே அவர்கள் முறை. அறிவிப்பாளர் வரிசையைச் சோதித்து ஹதீஸை ஏற்கும் பயிற்சி பெற்றவர்களுக்கு இது புதிதன்று.

தமிழிலும் இத்தகைய மரபு உண்டு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 மலர்களின் பெயர்களை நிரல்படுத்துகிறது. போரின் ஒரு திணைக்கே தும்பை என்னும் சிறு வெண்பூ பெயரளித்தது. நெருஞ்சியின் மஞ்சள் பூ ஞாயிற்றை நோக்கித் திரும்புவதைச் சங்கப் புலவர்கள் கண்டு பாடினர். உமறுப் புலவர் சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டையே தமிழகத்து மருத நிலத்தின் சாயலில் வருணித்தார். எனவே அரபு மரபுக்கும் தமிழ் மரபுக்கும் வாரிசான தமிழ் முஸ்லிம், தன் காலடியில் பூப்பதை அறியாதிருக்க எக்காரணமும் இல்லை.

நம் மண்ணில் பூப்பவை

வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் மண்ணை நனைத்தபின், மார்கழி, தை மாதங்களில் நம் மனைக்கட்டின் வெற்றிடத்தைக் குனிந்து பார்த்தால் போதும். நின்று பார்ப்பவருக்கு அங்கே இருப்பது வெறும் ‘புல் பூண்டு’. உட்கார்ந்து பார்ப்பவருக்கு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும்.

நெல்மணிகளினும் சற்றே பெரிய வட்டமான நீலப் பூக்களோடு தரையில் படர்ந்திருப்பது விஷ்ணுகிரந்தி. காலையில் விரியும் அதன் பூ வெயில் ஏறியதும் வாடிவிடும். நண்பகலில் பார்ப்பவருக்கு அச்செடி பூக்காத செடியாகவே தோன்றும். ஓரிதழ்த்தாமரையில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த ஒரே ஓர் இதழ் பெரிதாக விரிந்திருக்கும். ஏனைய இதழ்கள் மிகச் சிறுத்து உள்ளே ஒடுங்கியிருப்பதால் அப்பெயர் வந்தது. செம்மஞ்சள் சிறகில் கரும்புள்ளிகள் கொண்ட ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் இச்செடியின் இலையைத் தின்று வளர்கின்றன. செடியைக் ‘களை’ எனப் பிடுங்கி எறிந்தால் அப்பூச்சிக்கு அந்த மனையில் உணவில்லை.

தும்பையின் பூக்காம்புகளைச் சுற்றி வெள்ளைப் பூக்கள் கொத்தாக மலர்ந்து தேனீக்களை அழைக்கும். சிறுபூளை, இலைக்கக்கம்தோறும் பஞ்சுபோன்ற வெண்கதிர்களைத் தாங்கி நிற்கும். மூக்கிரட்டை செந்நிறத் தண்டுகளைத் தரையோடு பரப்பி, கடுகளவு இளஞ்சிவப்புப் பூக்களை நுனியில் ஏந்தியிருக்கும். கடலோர மணற்பாங்கான ஊர்களில் சிவனார்வேம்பின் சிறு செந்நிறப் பூக்களையும் காணலாம்.

ஈரமான ஓரங்களில் கானாவாழை வளரும். அதன் நீலப் பூ காலையில் மலர்ந்து பகலுக்குள் கரைந்துபோகும். வியப்புக்குரியது அதுவன்று. அச்செடி மண்ணுக்குள்ளும் பூக்கிறது. வெளிச்சம் படாத அந்தப் பூக்கள் ஒருபோதும் விரிவதில்லை. வண்டு எதுவும் அவற்றை நாடுவதில்லை. மூடியவாறே தமக்குள் மகரந்தம் சேர்ந்து மண்ணடியிலேயே விதை கொள்கின்றன. மேலே மேய்ந்தாலும் அறுத்தாலும் அடுத்த தலைமுறை கீழே பத்திரமாக இருக்கும். அல்லாஹ்வின் அறிவின்றி ஓர் இலையும் உதிர்வதில்லை, பூமியின் இருள்களில் கிடக்கும் எந்த வித்தும் அவனுடைய பதிவேட்டில் இல்லாமலில்லை என்று அன்ஆம் அத்தியாயத்தின் 59ஆம் வசனம் கூறுவதை ஓதும்போது, கானாவாழையை அறிந்தவரின் உள்ளம் சற்றுக் கூடுதலாகவே அசையும்.

அரபு மண்ணுக்கும் நம் மண்ணுக்கும் பொதுவான செடிகளும் இவற்றிடையே உண்டு. நெருஞ்சியை அரபியர் ‘ஹஸக்’ என்பர். ஸஃதானைக் குறிக்கும் மேற்கண்ட ஹதீஸின் ஓர் அறிவிப்பிலும் முட்காய் என்னும் பொருளில் இச்சொல் வருகிறது. சிறு மஞ்சள் பூக்கள் கொண்ட பருப்புக்கீரையை அவர்கள் ‘அல்பக்லத்துல் ஹம்கா’, அதாவது ‘அறிவற்ற கீரை’ என அழைத்தனர். வெள்ளம் ஓடும் தடத்திலும் மக்கள் நடக்கும் வழியிலும் போய் முளைத்து மிதிபடுவதால் அப்பெயராம். நம் வாசற்படியோரத்திலும் அது அப்படித்தான் முளைக்கிறது.

பூக்கும் யாவும் இம்மண்ணுக்கு உரியவை அல்ல என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். காயத்துக்குச் சாறு பிழியும் வெட்டுக்காயப்பூண்டு வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. பிரமதண்டின் தாயகம் மெக்சிகோ. மையவாடிகளில் அதிகம் காணப்படும் நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவைச் சேர்ந்தது. இவை வந்த இடத்தில் ஓரளவு அடங்கி வாழ்பவை. ஆனால் 1950களின் நடுவில் புனே பகுதியில் கவனத்துக்கு வந்து நாடெங்கும் பரவிய பார்த்தீனியமும், உண்ணிச்செடியும், சீமைக்கருவேலமும் அப்படியல்ல. அவை அடர்ந்த இடத்தில் மேற்கூறிய சிறுசெடிகளுக்கு வெளிச்சமும் இடமும் கிடைப்பதில்லை. எனவே ‘இயற்கையாக முளைத்தது’ என்ற ஒரே காரணத்தால் எல்லாவற்றையும் விட்டுவைப்பதும் அறிவுடைமையன்று. பகுத்தறிவதற்குப் பெயரறிவு வேண்டும். ஆதம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் முதலில் கற்பித்தது பொருள்களின் பெயர்களையே என்பதை அல்பகரா அத்தியாயத்தின் 31ஆம் வசனம் நினைவூட்டுகிறது.

தானாக முளைத்தது எவருக்கு உரியது?

நம் நிலத்தில் நாம் விதைக்காமல் முளைத்த செடி நமக்குச் சொந்தமா? வேடிக்கையான வினா எனத் தோன்றலாம். ஃபிக்ஹு அறிஞர்கள் இதை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்துள்ளனர்.

நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூத், இப்னுமாஜா ஆகிய தொகுப்புகளில் உள்ளது. இதனடிப்படையில் ஹனஃபி சட்ட அறிஞர்கள், ஒருவருடைய சொந்த நிலத்திலேயே ஆயினும், அவர் விதைக்காமலும் நீர்பாய்ச்சிப் பேணாமலும் தானாக முளைத்த புல்பூண்டு, அவர் அதை அறுத்தெடுக்கும்வரை அவருடைய உடைமை ஆகாது என்றனர். நிலத்துக்குள் பிறர் நுழைவதைத் தடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு. ஆனால் தேவையுடைய ஒருவருக்கு வேறெங்கும் புல் கிடைக்கவில்லையெனில், ஒன்று அவரை உள்ளே விடு, அல்லது நீயே அறுத்துக் கொடு என்று நில உரிமையாளரிடம் கூறப்படும். இமாம் காஸானீ (இறப்பு ஹி. 587 / கி.பி. 1191) ‘பதாயிஉஸ் ஸனாயிஃ’ நூலில் இதை விரிவாக எழுதியுள்ளார். நிலத்துக்கு உரியவருக்கே புல்லும் உரியது எனக் கூறும் அறிஞர்களும் பிற மத்ஹபுகளில் உள்ளனர். எனினும் ‘விதைத்தது’ என்பதும் ‘தானாக முளைத்தது’ என்பதும் சட்டத்தில் இரு வேறு வகைகள் என்பது இவ்விவாதத்தால் தெளிவாகிறது.

மக்கா ஹரமின் சட்டத்திலும் இதே பாகுபாட்டைக் காண்கிறோம். ஹிஜ்ரி 8இல் (கி.பி. 630) மக்கா வெற்றியின்போது, அப்புனித எல்லையில் புல்லை அறுக்கக்கூடாது, முள்ளையும் வெட்டக்கூடாது என நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். அப்போது அப்பாஸ் (ரலி) அவர்கள் எழுந்து, கொல்லர்களுக்கும் வீடுகளுக்கும் தேவைப்படும் இத்கிருக்கு மட்டும் விலக்குக் கோரினார்கள். அண்ணலார் அதை ஏற்றார்கள். ஹரமுக்குள் மனிதர் விதைத்த பயிரையும் காய்கறியையும் அறுப்பதில் தடையில்லை என்பதில் அறிஞர்கள் ஒன்றுபட்டுள்ளனர். அதாவது, பாதுகாப்பு அளிக்கப்பட்டது மனிதன் பாடுபட்டு வளர்த்ததற்கு அன்று. எவரும் வளர்க்காமல் இறைவன் முளைக்கவைத்ததற்கு. உண்மையான தேவை எழுந்தபோது, அதன் பெயரைச் சுட்டி, அந்த ஒன்றுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. ஒரு புல்லின் பெயரை அறிந்த ஸஹாபி ஒருவர் அவையில் இருந்ததால் அவ்விலக்குக் கிடைத்தது என்பதும் எண்ணத்தக்கது.

மக்காவின் சட்டம் நம் ஊர் மனைக்குப் பொருந்தாது. அது ஹரமின் தனிச்சிறப்பு. ஆனால் அதில் வெளிப்படும் நோக்கு நமக்கும் பாடமாகும்.

மையவாடியின் பசுமை

நம் ஊர்களில் இச்சட்டம் நேரடியாகத் தொடும் இடம் ஒன்று உண்டு. அது மையவாடி. உழப்படாமலும் கட்டடம் எழாமலும் பல தலைமுறைகளாகக் கிடப்பதால், சுற்றிலும் மறைந்துபோன சிறு செடிகள் பல அங்கே உயிர்வாழ்கின்றன.

இரு கபுறுகளைக் கடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள் பசுமையான பேரீச்ச மட்டையொன்றை இரண்டாகப் பிளந்து அவற்றின்மீது நட்டு, அவை காயாதிருக்கும்வரை அவ்விருவரின் வேதனை குறைக்கப்படலாம் என்று நம்பிக்கை தெரிவித்ததைப் புகாரீ பதிவு செய்துள்ளது. டமாஸ்கஸின் ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (இறப்பு ஹி. 1252 / கி.பி. 1836) தம் ‘ரத்துல் முஹ்தார்’ நூலில், மையவாடியில் உள்ள பசுந்தாவரங்களையும் புல்லையும் வெட்டுவது மக்ரூஹ் என்றும், காய்ந்ததை அகற்றுவதில் அத்தடை இல்லை என்றும் எழுதுகிறார். பசுமையாக இருக்கும்வரை அது இறைவனைத் துதிக்கிறது. அத்துதியால் அடங்கியிருப்போர் ஆறுதல் பெறுகின்றனர் என்பது அவர் எடுத்துரைக்கும் காரணம். ஆறாம் வசனத்துக்கு இப்னு அப்பாஸ் (ரலி) அளித்த விளக்கத்தோடு இது எத்துணை அழகாக இணைகிறது என்பதைக் காண்க.

நடப்பதோ வேறாக உள்ளது. பராஅத் இரவுக்கோ பெருநாளுக்கோ முன்பாக மையவாடியைத் ‘துப்புரவு’ செய்ய மண்வாரி இயந்திரம் வரவழைக்கப்படுகிறது. சில ஊர்களில் களைக்கொல்லி தெளிக்கப்படுகிறது. சில ஊர்களில் வழிநெடுகச் சிமென்ட் கற்கள் பதிக்கப்படுகின்றன. செய்பவர்கள் நல்லெண்ணத்தோடும் தம் கைப்பணத்தைச் செலவிட்டும் செய்கின்றனர் என்பதை மறுக்கவியலாது. ஆயினும் களைக்கொல்லி பசியதையும் காய்ந்ததையும் பகுத்துப் பார்ப்பதில்லை. தும்பையும் ஓரிதழ்த்தாமரையும் மடிந்த வெற்றுமண்ணில், அடுத்த மழைக்கு முதலில் வந்து இடம்பிடிப்பது பெரும்பாலும் பார்த்தீனியமே. துப்புரவு செய்த இடம் ஈராண்டில் முன்னிலும் மோசமாகிவிட்டதாக நிர்வாகிகள் வருந்துவதற்கு இதுவே காரணம்.

தேவையும் தேவையின்மையும்

‘பாம்பும் தேளும் அண்டும், பிள்ளைகள் நடமாடும் இடம் சுத்தமாக இருக்கவேண்டாமா?’ என்று கேட்பது நியாயமே. தொல்லை தருவதைப் பாதையிலிருந்து அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணினார்கள். நடைவழியில் படர்ந்த நெருஞ்சியை எடுத்தெறிவது நன்மைக்குரிய செயல். வயலில் பயிரோடு போட்டியிடும் களையைப் பறிப்பது உழவரின் உரிமை. வீடு கட்டவும், கபுறு தோண்டவும், ஜனாஸாவைச் சுமந்து செல்லவும் இடம் வேண்டும். இத்கிருக்கு விலக்கு அளித்த மார்க்கம் மனிதத் தேவையை ஒருபோதும் மறுக்கவில்லை. கேள்வி, தேவையில்லாத இடத்தில் செய்யப்படும் அழிப்பைப் பற்றியதே. எவரும் நடக்காத மூலையை மொட்டையடித்து, அங்கே கொரியப் புல்லை விரித்து, அதற்கு நாள்தோறும் நிலத்தடி நீரைப் பாய்ச்சுவது எந்தத் தேவையில் சேரும்?

மரம் நடுதலின் சிறப்பைப் பற்றிய நபிமொழிகளை நாம் நன்கறிவோம். மதரஸாக்களில் மரக்கன்று நடும் விழாக்களும் நடைபெறுகின்றன. அது தொடரட்டும். கூடவே, நட்டதைப் போற்றுவது போன்று, நடாமலே கிடைத்ததையும் அறிவது நன்றியின் ஒரு பகுதியாகும்.

இதற்குப் பெருஞ்செலவு எதுவும் தேவையில்லை. ஒரு மனையையோ மையவாடியின் ஒரு பகுதியையோ திருத்துமுன், ஒரு மழைக்காலம் முதல் அடுத்த மழைக்காலம்வரை அங்கே என்னென்ன முளைக்கிறது, எம்மாதத்தில் பூக்கிறது என்று ஓர் ஏட்டில் எழுதிவரலாம். பெயர் தெரியாதவற்றை வீட்டின் மூதாட்டிகளிடமும், ஆடு மேய்ப்போரிடமும், சித்த, யூனானி மருத்துவர்களிடமும் கேட்கலாம். தீனவரீ பாலைவன அரபியர் வழங்கிய சொற்களைப் பதிவு செய்ததும் இத்தகைய வாய்வழி அறிவையே. ஐயம் எழுந்தால், 1915 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலும், திருச்சி அருட்தந்தை மேத்யூ 1980களில் வெளியிட்ட தமிழகச் சமவெளித் தாவரத் தொகுப்பும் கல்லூரி நூலகங்களில் கிடைக்கும். அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் ஆசிரியரையும் அணுகலாம்.

மையவாடியில் பாதையையும் புதிய அடக்கத்துக்குரிய இடத்தையும் மட்டும் திருத்தி, ஏனைய பகுதியில் விதை உதிர்ந்து செடிகள் தாமே காயும்வரை, அதாவது மாசி, பங்குனிவரை, அரிவாள் வைக்காதிருக்கலாம். பின்னர் காய்ந்ததை அகற்றினால் இப்னு ஆபிதீன் கூறிய வரம்பும் பேணப்படும். அடுத்த ஆண்டுக்கான விதையும் மண்ணில் தங்கும். பார்த்தீனியத்தைப் பூக்குமுன் கையுறை அணிந்து வேரோடு பிடுங்கவேண்டும். அது தோலில் ஒவ்வாமை உண்டாக்கும். சீமைக்கருவேலத்தை அடிக்கட்டையோடு அகழ்ந்தெடுக்காவிட்டால் மீண்டும் துளிர்க்கும்.

அரபுக் கல்லூரிகளில் இன்னும் ஒரு பணி செய்யலாம். ஓதும் பிள்ளைகளைக் கொண்டு, ஹதீஸ்களிலும் ஃபிக்ஹு நூல்களிலும் வரும் தாவரப் பெயர்களைத் திரட்டி, நம் மண்ணில் அவற்றுக்கு நிகரானவற்றையும் உறவானவற்றையும் அடையாளங்கண்டு, ஒரு சிறு அரபு-தமிழ்ப் பெயர்ப்பட்டியல் உருவாக்கலாம். ‘ஒருவகைச் செடி’ என்னும் ஓரக்குறிப்புகள் அப்போது குறையும். ஸஃதானை விளக்க நெருஞ்சியைக் கையில் ஏந்திவரும் ஆசிரியரின் பாடம் மாணவர் நெஞ்சில் நெடுநாள் தங்கும்.

வானங்களிலும் பூமியிலும் உள்ள யாவும் அல்லாஹ்வைத் துதிக்கின்றன. ஆயினும் அவற்றின் துதியை மனிதர் விளங்கிக்கொள்வதில்லை என்று அல்இஸ்ரா அத்தியாயத்தின் 44ஆம் வசனம் அறிவிக்கின்றது. துதியை விளங்கும் ஆற்றல் நமக்கு இல்லை. துதிப்பது யார் என்று பெயர் சொல்லி அறியும் ஆற்றல் நமக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. நம் நெற்றி தரையில் படும் அதே மண்ணில் நமக்கு முன்பே பணிந்து கிடக்கும் இச்சிறு படைப்புகளை அறிந்து, தேவையின்றி அழிக்காதிருப்போமாக. அல்லாஹ்வே யாவற்றையும் நன்கறிந்தவன்.